சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னவர் மாத்திரையைப் பற்றிக் கேட்கவே இல்லை

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. எடை 82 கிலோ, முழங்கால் வலி வேறு. எடை குறைந்தால் சர்க்கரையும் கட்டுப்படும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், எங்கள் பகுதியில் 'ஊட்டச்சத்து மையம்' நடத்தும் ஒருவரிடம் போனோம். காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு மாவைக் கரைத்துக் குடிக்க வேண்டும். மதியம் வெறும் காய்கறி. மூன்று மாதத்துக்கு 11,400 ரூபாய். பிரிட்டனில் இப்படிக் குடித்தே பாதிப் பேருக்குச் சர்க்கரை போய்விட்டது என்று கைப்பேசியில் படம் காட்டினார்.

எட்டாம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு அம்மா என்னைத் தன் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மாமா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. விளக்கைப் போட்டுத் தொட்டால், தலையணை வரை வியர்வையில் நனைந்து சில்லிட்டிருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன்: 46. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நல்லவேளை, விழுங்க முடிந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினேன். கால் மணி நேரத்தில் 74.

மருத்துவமனையில் முதலில் கேட்டதே, "கிளிமிபிரைடு மாத்திரையைக் குறைத்தீர்களா?" என்றுதான். அம்மா சர்க்கரைக்குப் போடும் மாத்திரை அது. நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்குமாம். மாத்திரையின் வேகம் அடங்குவதற்குள் மறுபடியும் இறங்கலாம் என்று ஒரு நாள் முழுக்க வைத்திருந்தார்கள்.

அந்த பிரிட்டன் ஆய்வைப் பிறகு தேடிப் படித்தேன். 2017இல் வெளிவந்தது. ஓராண்டில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது உண்மை. ஆனால் அவர்கள் நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மாவைத் தொடங்கிய அன்றே சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தியிருக்கிறார்கள், அதுவும் மருத்துவக் கண்காணிப்பில். படம் காட்டியவர் இதைச் சொல்லவில்லை. அம்மாவின் மருந்துச் சீட்டைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போய்க் கேட்டதற்கு, "உடம்பிலுள்ள நச்சு வெளியேறும்போது வியர்க்கத்தான் செய்யும்" என்றார். டப்பாவைப் பிரித்துவிட்டதால் பணமும் கிடையாதாம்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு மாவையோ பட்டினியையோ தொடங்கப் போகிறார்கள் என்றால், கிளிமிபிரைடு, அதே வகை மாத்திரையான கிளிபென்கிளமைடு, இன்சுலின் இவற்றில் ஏதாவது சீட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், அளவை மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள்.