கைதியா விக்ரமா, டிமான்ட்டியா மாயாவா: ரெண்டு வாரம் பார்த்த ஆறு படங்கள்

“கைதி வெறும் ஒத்திகைடா மச்சான், விக்ரம்தான் அரங்கேற்றம்” என்று நண்பன் சொன்னதில் ஆரம்பித்தது இது. வாயால் மட்டும் சண்டை போட வேண்டாம், ரெண்டையும் மறுபடி பார்த்துவிட்டுப் பேசலாம் என்று உட்கார்ந்தோம். அதோடு ஆசை அடங்கவில்லை, பேய்ப் படங்களையும் அதே மாதிரி எடுத்து வைத்தோம்: டிமான்ட்டி காலனி ரெண்டு பாகமும், அவள், மாயா. ரெண்டு வாரத்தில் ஆறு படம், எல்லாமே ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், விளக்கை அணைத்துவிட்டு. எல்லாம் ஏற்கெனவே பார்த்த படங்கள்தான், ஆனால் அடுத்தடுத்து பார்க்கும்போது தனித்தனியாகப் பார்த்தபோது கண்ணில் படாதது நிறையப் பட்டது. கதையைக் கொஞ்சம் உடைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. மாயாவின் முடிவை மட்டும் தொடவில்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டைப் படத்தில் கைதி, பேய்ப் படத்தில் மாயா, அதற்கு ஒரு நூல் பின்னால் டிமான்ட்டி முதல் பாகம். காரணம் ஒன்றுதான்: சின்ன இடத்துக்குள் நின்று அடித்த படங்கள் இவை. இடம் பெரிதாகப் பெரிதாக, ஆட்கள் கூடக் கூட, எனக்குப் படபடப்பும் குறைந்தது, பயமும் குறைந்தது.

முதலில் கைதி. 2019 அக்டோபர் 25, தீபாவளிக்குப் பிகிலோடு மோதிய படம். பாட்டு கிடையாது, கதாநாயகி கிடையாது, ஒரே ராத்திரி. திரும்பப் பார்க்கும்போது எனக்குப் பிடிபட்டது என்னவென்றால், இந்தப் படத்தில் எந்த நிமிடம் நிறுத்திக் கேட்டாலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று நம்மால் சொல்ல முடியும். ரெண்டே ரெண்டு இடம். ஒன்று, ரோட்டில் ஓடுகிற லாரி. அதில் விஷம் கலந்த சரக்கைக் குடித்து மயங்கிக் கிடக்கிற போலீஸ்காரர்கள், கையில் அடிபட்டதால் வண்டி ஓட்ட முடியாத போலீஸ் அதிகாரி பிஜாய், வேறு வழியில்லாமல் ஸ்டியரிங் பிடித்திருக்கிற டில்லி, அதாவது கார்த்தி. இன்னொன்று, திருச்சி கமிஷனர் ஆபீஸ். அங்கே லாக்கப்பில் ஒரு கும்பல், கீழே நிலவறையில் 900 கிலோ போதைப்பொருள், வேலையில் சேர வந்த அன்றைக்கே மொத்தக் கட்டடமும் தலையில் விழுந்த கான்ஸ்டபிள் நெப்போலியன், கூட சில கல்லூரிப் பசங்க. லாரி அங்கே போய்ச் சேரணும், அதுவரைக்கும் கதவு தாங்கணும். கணக்கு அவ்வளவுதான். அதனால்தான் கும்பல் கதவை இடிக்கும்போது நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு நேரம் தாங்கும் என்று எல்லாமே நமக்குத் தெரியும். நெப்போலியனாக நடித்த ஜார்ஜ் மரியான் அதுவரை பெரும்பாலும் சிரிப்புக் காட்சிகளில் வந்துபோனவர், அவர் அந்த ஆபீஸை விட்டுப் போக மாட்டேன் என்று நிற்கிற இடத்தில் தியேட்டரில் விழுந்த விசில் கார்த்திக்கு விழுந்ததற்குக் குறைந்ததில்லை.

விக்ரம் 2022 ஜூன் 3. கைதியை எடுத்த அதே இயக்குநர் லோகேஷ் கனகராஜ், அதே சண்டைப் பயிற்சியாளர்கள் அன்பறிவு, அதே எடிட்டர் பிலோமின் ராஜ். நல்லதை மறைக்க மாட்டேன். முதல் பாதியில் ஃபகத் ஃபாசில் முகமூடிக் கொலைகாரர்களைத் தேடிக்கொண்டு போகிற பகுதி கைதியில் இல்லாத ஒரு சுவை, செத்துப்போன ஒரு மனிதன் யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிற அந்த விசாரணை எனக்கு மூன்றாவது முறையும் அலுக்கவில்லை. இடைவேளை வருகிற இடம், அனிருத் இசை, கடைசியில் சூர்யா வந்து நிற்கிற சில நிமிடங்கள், எல்லாம் சரி. ஆனால் ரெண்டாம் பாதியில் துப்பாக்கிச் சண்டை ஆரம்பித்த பிறகு எனக்குத் திசை போய்விடுகிறது. யார் எந்தப் பக்கத்திலிருந்து சுடுகிறார்கள், இன்னும் எத்தனை பேர் மிச்சம், எதுவும் கையில் இல்லை. சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

ஒளிப்பதிவாளரைக் குறை சொல்ல முடியாது. கிரிஷ் கங்காதரன் ஜல்லிக்கட்டு என்கிற மலையாளப் படத்தில் ஊர் முழுக்க ராத்திரியில் டார்ச்சோடு ஓடுகிற கூட்டத்தைப் படம்பிடித்தவர், இருட்டு அவருக்குப் புதிதில்லை. சிக்கல் எழுத்தில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். காப்பாற்ற வேண்டியது ஒரு கைக்குழந்தை என்று சொல்லிவிட்டு, அதைச் சுற்றி ரகசிய ஏஜெண்டுகள், பழைய அணி, காணாமல்போன கண்டெய்னர், பழிவாங்கல் என்று அடுக்கிக்கொண்டே போகும்போது குழந்தை மேல் இருந்த கவலை நீர்த்துப்போகிறது. டில்லிக்கு இருப்பது ஒரே ஒரு ஆசை, பார்த்தே இராத மகளை விடிந்ததும் பார்க்கணும். அந்த ஒன்று படம் முழுக்கத் தாங்குகிறது.

ரெண்டு படமும் கடைசியில் ஒரு பெரிய துப்பாக்கியில்தான் போய் நிற்கிறது, இந்த ஒற்றுமையை நண்பன்தான் எடுத்துக் கொடுத்தான், தன் கட்சிக்குச் சாதகமாக. எனக்கு அது கைதிக்குத்தான் சாதகம். டில்லி ராத்திரி முழுக்கக் கையாலும் கட்டையாலும் அடித்து, வெட்டு வாங்கி, தளர்ந்து, அப்புறம்தான் அந்தத் துப்பாக்கிக்கு வருகிறான். அது வெடிக்கும்போது நமக்கு ஒரு மூச்சு வெளியே வருகிறது. விக்ரமில் ஏற்கெனவே அவ்வளவு சுட்டு முடித்தாகிவிட்டது, பீரங்கி வந்தாலும் முன்னால் இருந்ததைவிடக் கொஞ்சம் பெரிய சத்தம், அவ்வளவுதான்.

சரி, விக்ரமில் திரும்பப் போட்டுப் பார்க்க விரும்புகிற சண்டை எது என்று அவனைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை, ஏஜெண்ட் டீனா என்றான். எனக்கும் அதேதான்! வீட்டு வேலை செய்கிற அம்மாவாகவே அதுவரை காட்டிவிட்டு, ஆட்கள் உள்ளே நுழைந்ததும் அவர் திரும்புகிற அந்தத் திருப்பம். வசந்தி என்று அதற்கு முன்னால் நம்மில் பலருக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவர் மொத்தப் படத்தையும் சில நிமிடங்களுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். அது நடப்பது எங்கே? ஒரு வீட்டுக்குள். சமையலறை சாமானே ஆயுதம். அவ்வளவு செலவு செய்து எடுத்த படத்தில் எல்லோருக்கும் நினைவில் நிற்கிற சண்டை நாலு சுவருக்குள் நடந்தது என்றால் அதில் விஷயம் இருக்கிறது.

இனி பேய்க்கு வருவோம். அஜய் ஞானமுத்துவின் முதல் படம் டிமான்ட்டி காலனி, 2015 மே 22. பெயருக்குச் சொந்தமான இடம் நிஜமாகவே சென்னை ஆழ்வார்பேட்டையில் செயின்ட் மேரீஸ் ரோடு பக்கம் இருக்கிறது, ஜான் டிமான்ட்டி என்கிற போர்ச்சுகீசிய வணிகரின் பெயரால் வந்த காலனி. ஆளில்லாத வீடுகளைப் பற்றிச் சென்னைப் பசங்க கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் படத்தில் உண்மையாகப் பயமுறுத்துவது அந்த பங்களா இல்லை, அதிலிருந்து சங்கிலியை எடுத்துவிட்டு நாலு நண்பர்களும் திரும்பி வருகிற அவர்களுடைய வாடகை ரூம். இதுதான் அந்தப் படத்தின் சாமர்த்தியம். பேச்சிலர் ரூமில் இருந்த யாருக்கும் அந்த இடம் தெரியும், சுவரில் ஆணியில் தொங்குகிற சட்டை, மூலையில் சுருட்டி வைத்த பாய், நடு வீட்டில் டிவி. அந்த டிவித் திரையில் அவர்களே தெரிகிற கட்டத்துக்கு அப்புறம் கதவு திறக்காது. வெளியே ஓட முடியாது, உள்ளே ஒளிய இடமில்லை. ரெண்டாம் பாதி கிட்டத்தட்ட மொத்தமும் அந்த ஒற்றை ரூமில் ஓடுகிறது, ஒரு இடத்தில்கூட எனக்குச் சலிப்பு வரவில்லை. முதல் பாதி வேறு கதை, குடியும் பாட்டும் அரட்டையுமாக இழுக்கிறது, அதில் ஒரு இருபது நிமிடத்தைத் தாராளமாக வெட்டியிருக்கலாம்.

இரண்டாம் பாகம் 2024 ஆகஸ்ட் 15. அருள்நிதிக்கு இரட்டை வேடம், பிரியா பவானி சங்கர், புத்த பிட்சுகள், முதல் பாகத்தின் முடிவையே வேறு பக்கமிருந்து பார்க்கிற கதைப் பின்னல். அந்தப் பின்னலில் உழைப்பு இருக்கிறது, முதல் பாகத்தை நேற்றுப் பார்த்துவிட்டு இன்று இதைப் பார்த்தால் முடிச்சுகள் அழகாக உட்கார்வது தெரியும். பிரியா பவானி சங்கரும் கணவனை இழந்த பெண்ணின் பிடிவாதத்தை நன்றாகவே கொண்டுவந்திருக்கிறார். இசை சாம் சி.எஸ்., கைதிக்குப் பண்ணிய அதே ஆள், இங்கேயும் இருக்கையை அதிர வைக்கிறார். ஆனால் பேய்க்கு விதிகள் கூடிவிட்டன. இது நடந்தால் அது நடக்கும், இவன் செத்தால் அவன் சாவான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிற மூளைக்குப் பயப்பட நேரமில்லை. கைதியிலிருந்து விக்ரமுக்குப் போனபோது நடந்த அதே கதைதான். ஜெயித்த சின்ன படத்தைப் பெரிதாக்கும்போது, எது சின்னதாக இருந்ததால் வேலை செய்ததோ அதைத்தான் முதலில் தூக்கிப் போடுகிறார்கள்.

அவள் பற்றிச் சுருக்கமாக. 2017, மிலிந்த் ராவ் இயக்கம், சித்தார்த், ஆண்ட்ரியா, இமாசலத்து மலை வீடு. படம் சுத்தமாக எடுக்கப்பட்டிருக்கிறது, சிரிப்பு மசாலா எதையும் கலக்காமல் பயமுறுத்துவது மட்டுமே வேலை என்று இறங்கியதற்காகவே எனக்கு மரியாதை உண்டு. சில இடங்களில் தூக்கிவாரிப் போடுகிறது. ஆனால் அந்த வீடும் அந்தப் பனியும் எனக்கு அந்நியம், படம் முடிந்ததும் பயமும் அங்கேயே தங்கிவிட்டது, என்னோடு வீட்டுக்கு வரவில்லை. அரண்மனை, காஞ்சனா வகையை இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை. குடும்பத்தோடு போய்ப் பிள்ளைகள் கத்திச் சிரித்துக்கொண்டு பார்க்கிற படங்கள் அவை, அந்த சந்தோஷம் வேறு, அதை இதோடு நிறுத்துப் பார்ப்பது நியாயமில்லை.

மாயா 2015 செப்டம்பர் 17, டிமான்ட்டி வந்து நாலு மாதத்துக்குள். இது அஸ்வின் சரவணனுக்கு முதல் படம். ரெண்டு கதை. கைக்குழந்தையும் கடனுமாகத் திணறுகிற அப்சரா, அதாவது நயன்தாரா, ஒரு பக்கம். மாயவனம் என்கிற காட்டைத் தேடிப் போகிற ஓவியன் வசந்த், ஆரி நடித்தது, இன்னொரு பக்கம். ஒன்று வண்ணத்தில், ஒன்று கறுப்பு வெள்ளையில். ரெண்டும் எங்கே ஒட்டுகிறது என்பதுதான் படம், அதைச் சொல்ல மாட்டேன்.

ரெண்டு கதை, காடு, பழைய மனநலக் காப்பகம் என்று இவ்வளவு பரந்து கிடக்கிற படத்துக்கு எப்படி முதலிடம் கொடுக்கிறாய், இடம் சின்னதாக இருக்கணும் என்று நீதானே சொன்னாய் என்று நண்பன் மடக்கினான். நல்ல கேள்வி. என் பதில், மாயா கடைசியில் வந்து சேர்கிற இடம் இந்த ஆறு படத்திலும் ஆகச் சின்னது: ஒரு தியேட்டர் நாற்காலி. ஒரு பேய்ப் படத்தைத் தனியாக உட்கார்ந்து பார்த்து முடித்தால் அஞ்சு லட்சம் ரூபாய் என்று பந்தயம், பணத்துக்கு வழியில்லாத அப்சரா ஒப்புக்கொண்டு காலியான அரங்கில் போய் உட்கார்கிறாள். அவள் முன்னால் திரை, நம் முன்னாலும் திரை. அவள் பின்னால் வரிசை வரிசையாகக் காலி நாற்காலி. 2015-ல் ஒரு பகல் காட்சியில், பாதி அரங்கு காலியாக இருக்கும்போது இதைப் பார்த்தவன் நான். அந்தக் கட்டத்தில் என் பின்னால் திரும்பிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. பேயை அங்கே காட்டவே வேண்டாம், வேலை முடிந்துவிட்டது. அதோடு அவள் அங்கே உட்கார்ந்ததற்குக் காரணம் துணிச்சல் இல்லை, குழந்தைக்குப் பால் வாங்க வேண்டும் என்கிற நிலைமை. அந்த வலி இருப்பதால்தான் பயம் இவ்வளவு ஆழமாக இறங்குகிறது.

இன்னொரு விஷயம், இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது: மாயாவையும் கைதியையும் ஒளிப்பதிவு செய்தவர் ஒருவரே, சத்யன் சூரியன். என் ரெண்டு முதலிடமும் ஒரே கண்ணிலிருந்து வந்திருக்கிறது. மாயாவில் இருட்டு எதையோ ஒளித்து வைக்கிறது, நம் கண் மூலை மூலையாகத் தேடுகிறது. கைதியில் அதே இருட்டை லாரியின் முகப்பு விளக்காலும் மஞ்சள் பல்பாலும் கீறி, எது தெரியணுமோ அதை மட்டும் தெரிய வைக்கிறார்.

அதனால் இந்தப் படங்களை எதில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். கைதியை முதல் முறை பார்த்தது எங்கள் பக்கத்து ஒரு பழைய தியேட்டரில், திரை அவ்வளவு மங்கல், பாதிச் சண்டையில் நிழல்தான் தெரிந்தது. வீட்டில் பார்ப்பவர்கள் டிவி செட்டிங்ஸில் போய், அசைவுகளை வழவழவென்று ஆக்குகிற வசதியை அணைத்துவிடுங்கள், அது இருந்தால் சினிமா சீரியல் மாதிரி ஆகிவிடும். இணைய வேகம் குறைவாக இருந்தால் கறுப்பு கட்டம் கட்டமாக உடையும், மாயாவுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை, முதலிலேயே டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டு பாருங்கள். போனில் வேண்டவே வேண்டாம். டிமான்ட்டியை மட்டும் போனில் பார்த்தாலும் தாங்கும், ஹெட்போன் மாட்டிக்கொண்டால்.

நண்பன் விக்ரமை விட்டுக் கொடுக்கவில்லை, கட்சி மாறுகிற ஆளில்லை அவன். ஆனால் மாயா விஷயத்தில் ஒத்துக்கொண்டான். அடுத்த சனிக்கிழமைக்குப் பீட்சா என்று முடிவாகியிருக்கிறது, ஒரு பங்களா, ஒரு டார்ச் லைட், விஜய் சேதுபதி. அதற்கு எதிராக எதை நிறுத்துவது என்றுதான் ரெண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.