நீண்ட ஓட்டத்துக்குப் பின் வரும் தலைவலி: தண்ணீரா, இளநீரா, மோரா, ஓ.ஆர்.எஸ்ஸா?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் 20, 25 கிலோமீட்டர் ஓடுகிற சென்னைக்காரர்கள் பலருக்கும் இந்தத் தலைவலி தெரிந்திருக்கும். ஓடி முடிக்கும்போது உடம்பு நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு, பதினொரு மணிவாக்கில் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பிக்கும். அன்றைய பகல் அதோடு போச்சு. எனக்கு இரண்டு வருடம் இப்படித்தான் போனது. "தண்ணி போதல" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஓடி முடித்ததும் ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் என்று குடித்துப் பார்த்தேன். குடித்தது எல்லாம் அரைமணிக்கு ஒருமுறை நிறமே இல்லாமல் வெளியே போனது. தலைவலி அப்படியே இருந்தது.

எவ்வளவு குடிக்கிறோம் என்பதை விட்டுவிட்டு, குடித்ததில் எவ்வளவு உள்ளே தங்குகிறது என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு விடிவு வந்தது. அதற்கு முதலில் என் வியர்வையின் அளவு தெரிய வேண்டியிருந்தது. எடை மெஷின் ஒன்று இருந்தால் போதும். ஒரு மார்ச் மாத ஞாயிறு ஓடக் கிளம்பும் முன் என் எடை 65.2 கிலோ. 2 மணி 20 நிமிடம் ஓடிவிட்டு, ஈரத் துணியைக் கழற்றி உடம்பைத் துடைத்துவிட்டு ஏறினால் 63.3. நடுவில் குடித்தது அரை லிட்டர். ஆக, உடம்பை விட்டுப் போனது ஏறக்குறைய 2.4 லிட்டர். உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையவிடக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை. நான் 3 சதவீதத்தைத் தொட்டிருந்தேன். கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை காயாமல் சொட்டுகிறது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? அது குளிராததால் இன்னும் வியர்க்கிறது.

அந்தக் கறுப்பு டீசர்ட்டைக் கொடியில் போட்டேன். காய்ந்த பிறகு முதுகிலும் அக்குளிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் நறநறவென்று உதிர்ந்தது. அத்தனையும் உப்பு. உப்பில் இருக்கும் சோடியம், ஒரு லிட்டர் வியர்வையில் ஆளுக்கு ஆள் 200 மில்லிகிராமிலிருந்து 2,000 வரைகூடப் போகும். நடுத்தரமாக 1,000 என்று வைத்தாலும், நான் இழந்த 2.4 லிட்டரில் 2.4 கிராம் சோடியம். அது 6 கிராம் சாப்பாட்டு உப்புக்குச் சமம். சுமாராக ஒரு தேக்கரண்டி. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வெறும் தண்ணீர். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கு இதுவே போதும், வேறெதற்கும் காசு செலவழிக்க வேண்டாம். நீண்ட ஓட்டத்தில்தான் சிக்கல். உப்பும் நீரும் சேர்ந்து போன உடம்பில் வெறும் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் ரத்தத்தில் சோடியத்தின் அடர்த்தி இறங்குகிறது. உடனே சிறுநீரகம், நீர் அதிகமாகிவிட்டது என்ற கணக்கில் வெளியே தள்ள ஆரம்பிக்கிறது. தாகம் அடங்கிவிடும், ஆனால் உடம்பு இன்னும் வறட்சியில்தான் இருக்கும். அளவு மீறிக் குடித்தால் ஆபத்தே உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேருடைய ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களிடமும், நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடமும்தான் அது அதிகம். சோடியம் குறைந்தால் மூளை வீங்கும், அதன் முதல் அறிகுறிகளில் தலைவலியும் ஒன்று. தலைவலிக்கிறதே என்று மேலும் தண்ணீர் குடிப்பவர் நிலைமையை மோசமாக்கிக்கொள்கிறார்.

இளநீர் மேல் எனக்கு உள்ள பிரியத்தை மறைக்க விரும்பவில்லை. ஓடிவிட்டு வந்து வண்டிக்காரரிடம் நின்றால், "வழுக்கையா, தண்ணியா?" என்று கேட்டுக்கொண்டே சீவித் தருவார். அந்த முதல் வாய்க்கு ஈடே இல்லை. ஆனாலும் கணக்கு என்று பார்த்தால் இளநீரின் பலம் பொட்டாசியம், சோடியம் அதில் குறைவு. வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம், பொட்டாசியம் அதில் கொஞ்சம்தான். எது அதிகம் போனதோ அதைத் தராமல், எது கொஞ்சம் போனதோ அதை நிறையத் தருகிறது. ஓட்டக் குழுவில் என்னைவிட மூத்த அண்ணன் ஒருவர் இடுப்புப் பையில் சின்னப் பொட்டலத்தில் உப்பு வைத்திருப்பார். "இந்தா தம்பி, ரெண்டு சிட்டிகை போட்டுக் குடி" என்று நீட்டுவார். ருசி கொஞ்சம் மாறும், வேலை நன்றாக நடக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பொட்டாசியத்தை நினைத்து மருத்துவரைக் கேட்டுவிட்டு இளநீர் குடிப்பது நல்லது.

ஸ்போர்ட்ஸ் டிரிங்க்குகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 1965-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காக உருவான கேட்டரேடு இந்த வகைக்கு முன்னோடி. லிட்டருக்கு 450 மில்லிகிராம் அளவு சோடியம், 6 சதவீதம் சர்க்கரை. ஓடிக்கொண்டிருக்கும்போது காலுக்குச் சர்க்கரை வேண்டும், அங்கே இது உதவும். ஓடி முடித்த பிறகு தலைவலியைத் தடுக்க என்று வாங்கினால், வியர்வையில் போன உப்பில் பாதியைக்கூட அது ஈடுகட்டாது.

ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு ஏறக்குறைய 1,700 மில்லிகிராம் சோடியம். குளுக்கோஸ் 13.5 கிராம்தான். குடலில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துக்கொண்டு உள்ளே போகும்போது தண்ணீரும் கூடவே போகிறது. இந்தச் சின்ன விஷயம்தான் 1971-ல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த மேற்கு வங்கத்தின் பங்கான் முகாமில் காலராவிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் வைத்து, உறவினர்களையே நோயாளிகளுக்குப் புகட்டச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் அந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் மேல் மரியாதை கூடுகிறது.

ஆனால் அதைத் தப்பாகக் கலக்குபவர்கள் நிறைய. ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் குடித்துவிட்டு, வயிறு கலக்குகிறது என்பார்கள். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கிடைக்கிறது. ஓட்டப் பையில் வைத்துக்கொள்ள அது வசதி. அப்புறம், அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

எனக்கு மிகவும் ஒத்துவந்தது நீர்மோர். அரை லிட்டர் மோரில் கால் தேக்கரண்டி உப்பு போட்டால், லிட்டருக்கு 1,100 மில்லிகிராம் சோடியம் என்ற கணக்கு வருகிறது. சராசரி வியர்வைக்குப் பக்கத்தில் நிற்கிறது. சர்க்கரை குறைவுதான், ஆனால் யாரும் மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவதில்லை. கூடவே பொங்கலோ இட்லி சாம்பாரோ போகும்போது மாவுச்சத்தும் இன்னும் கொஞ்சம் உப்பும் சேர்ந்துவிடுகின்றன. சாப்பாட்டோடு குடிக்கும் நீர் உடம்பில் கூடுதலாகத் தங்கும் என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பழைய சோற்று நீராகாரத்துக்கும் இதே நியாயம்தான். பால் சேராதவர்களுக்கு அது நல்ல மாற்று. இனிப்புப் பானம் குமட்டுகிற நேரத்தில்கூட இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்ட மோர் இறங்கும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் இந்த உப்புக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

சரி, எவ்வளவு குடிப்பது? எடையில் குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், அதுவும் மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பரப்பி. என் 1.9 கிலோவுக்கு அது ஏறக்குறைய 2.4 முதல் 2.85 லிட்டர் வரை வரும். முதல் அரை லிட்டர் மோர், அடுத்து சாப்பாடு, பிறகு தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர். மூன்று மணி நேரம் ஓடுகிற நாட்களிலும், ஏப்ரல், மே மாதங்களிலும் மோருக்கு முன்னால் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.

எல்லாத் தலைவலியும் நீரால் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தினமும் ஆறு மணிக்குக் காபி குடிப்பவர் ஞாயிறு மட்டும் ஒன்பது வரை குடிக்காவிட்டால் அதற்கே தலை வலிக்கும். வெறும் வயிற்றில் ஓடுவது, சனிக்கிழமை இரவின் அரைத் தூக்கம், நெற்றியை இறுக்கும் தொப்பி எல்லாமே காரணமாகலாம். வலிக்கிறது என்று உடனே ஐபுப்ரொஃபென் போட வேண்டாம், வறண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை. ஓடும்போதோ முடித்ததுமோ இடி விழுந்தமாதிரி திடீரென்று கடுமையாக வலித்தாலும், வாந்தி, பேச்சுக் குழறல், குழப்பம் சேர்ந்தாலும் மோரையும் பொட்டலத்தையும் தேடாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். எடை குறையாமல் கூடியிருந்து தலையும் வலித்தால், அதற்குமேல் ஒரு மடக்குத் தண்ணீரும் குடிக்காதீர்கள்.

இப்போது சனிக்கிழமை இரவே அம்மா தயிரைச் சிலுப்பி, உப்பை என் கையால் அளந்து போடச் சொல்லி, சொம்பை ஃபிரிஜ்ஜில் வைத்துவிடுகிறார். காலையில் ஓடிவிட்டு வந்ததும் எடை பார்த்துக் காலண்டரில் குறித்துவிட்டு முதலில் திறப்பது அதைத்தான். போன நான்கு மாதங்களில் தலைவலியால் படுத்த ஞாயிறு ஒன்றே ஒன்று. அன்று வெளியூரில் ஓடினேன், கையில் தண்ணீர் பாட்டில் மட்டும்தான் இருந்தது.