கிளச் புல்லிக்குப் பதிலாக சாலிட் புல்லி: பில் கட்டும் முன் பானட்டைத் திறந்து பாருங்கள்

டீசல் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. ஆல்டர்னேட்டர் (என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) புல்லி மாற்றித் தருவதாகச் சொல்லி, உள்ளே ஒருவழி கிளச் உள்ள கிளச் புல்லி இருந்த இடத்தில், அது இல்லாத சாதா சாலிட் புல்லியை மாட்டி அனுப்பும் வேலை நடக்கிறது. நான்கு சிலிண்டர் டீசல் கார் ஒன்றில் நடந்தது இது.

ஐட்லிங்கில் கீச்சுச் சத்தம், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் கை நடுக்கம் என்று வண்டி கடைக்குப் போனது. “டைனமோவே போச்சு, முழுசா மாத்தணும்” என்றார்கள். டைனமோ என்று அவர்கள் சொன்னது ஆல்டர்னேட்டரை. ஓனர் மறுத்ததும், புல்லி மட்டும் மாற்றியதாகப் பில் போட்டார்கள். பில்லில் பார்ட் நம்பர் இல்லை. பழைய புல்லியும் கைக்கு வரவில்லை. சில வாரங்களில் டென்ஷனர் பேரிங் உடைந்தது, பெல்ட் ஓரம் நார்நாராகப் பிரிந்தது. பானட்டைத் திறந்து பார்த்தால், புல்லி நடுவே கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஓர் அறுகோண நட்டு.

அந்த நட்டுதான் அடையாளம். கிளச் புல்லிக்கு வெளியே நட்டு கிடையாது. அது நேராக ஆல்டர்னேட்டர் ஷாஃப்ட் மரையில் ஏறி உட்காரும். சாலிட் புல்லியைத்தான் நட்டு போட்டு இறுக்குவார்கள். விலை வித்தியாசம் பல மடங்கு.

இரண்டும் சுற்றத்தானே செய்கிறது என்று கடைக்காரர் சொன்னால் ஏற்காதீர்கள். நான்கு சிலிண்டர் என்ஜினில், பெல்ட்டை ஓட்டும் முக்கியத் தண்டான கிராங்க் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதை வாங்குகிறது. ஒவ்வோர் உதைக்கும் வேகம் ஏறி இறங்குகிறது. ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டரோ கனமானது, கிராங்கைவிட இரண்டரை, மூன்று மடங்கு வேகத்தில் ஓடுவது. கிராங்க் வேகம் தணியும்போது ரோட்டரால் உடனே தணிய முடியாது. அந்த நொடியில் ரோட்டரைத் தன் போக்கில் ஓடவிடுவதுதான் உள்ளே இருக்கும் ஒருவழி கிளச்சின் வேலை. சாலிட் புல்லியில் அந்த இழுபறி முழுவதும் பெல்ட்டின் மேலும் டென்ஷனர் மேலும் விழுகிறது.

புல்லி கெட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பெல்ட் போகும் பாதையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பெல்ட்டை எடுங்கள். ஆல்டர்னேட்டர் காற்றுத் துளை வழியே மரக்குச்சியால் உள் ஃபேனைத் தடுத்துப் பிடியுங்கள். செம்புச் சுருளில் படக் கூடாது. இப்போது புல்லியை ஓடும் திசையில் திருப்பினால் பிடிக்க வேண்டும், எதிர்த் திசையில் வழுக்கிச் சுற்ற வேண்டும். கிளச்சோடு ஸ்பிரிங்கும் உள்ள வகைப் புல்லியில் பிடிக்கும் பக்கம் விறைப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். இரு பக்கமும் பிடித்தால் கிளச் ஜாம். இரு பக்கமும் சுற்றினால் கிளச் வழுக்குகிறது. சார்ஜ் ஏறாது, பேட்டரி விளக்கு எரியும். அதைக் காட்டித்தான் முழு ஆல்டர்னேட்டரையும் விற்கிறார்கள்.

மாற்றுவதற்கு 33 பல் சாக்கெட் வேண்டும். அதன் நடுவே போகும் பிட் சில வண்டிகளில் டி50 டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர வடிவம்), சிலவற்றில் எம்10 பன்னிரண்டு முனை. மூடியை நெம்பி எடுத்து, ஷாஃப்ட் குழியில் உள்ள அழுக்கைச் சுரண்டிவிட்டு, பிட்டை அடிவரை இறக்குங்கள். பாதி இறங்கிய பிட்டில் பலம் கொடுத்தால் குழி மழுங்கிவிடும். பிறகு ஆல்டர்னேட்டரையே பிரிக்க வேண்டி வரும். பெரும்பாலானவை வலது மரை: பிட்டை அசையாமல் பிடித்து, சாக்கெட்டை இடப்பக்கம் திருப்பினால் கழலும்.

புதியதை வாங்கும்போது பெல்ட் பள்ளங்களின் எண்ணிக்கை, விட்டம், ஷாஃப்ட் மரை மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். முதலில் கையால் மரை ஏற்றி, பிறகு டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளவு வைத்துக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். பல வண்டிகளுக்கு 80 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும்; உங்கள் மேனுவலில் உள்ளதையே வையுங்கள். புது மூடியை அழுத்தி மாட்டாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள், தண்ணீரும் தூசியும் புகுந்து பேரிங் போய்விடும். சத்தம் வருகிறதென்று புல்லியில் ஆயில் ஸ்பிரே அடிப்பதும் வேண்டாம்; உள்ளே இருக்கும் கிரீஸ் கரையும், பெல்ட்டும் ஊறிக் கெடும்.

கடையில்தான் செய்கிறீர்கள் என்றால், பில்லில் பார்ட் நம்பர் எழுதச் சொல்லுங்கள், பழைய புல்லியைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே சாலிட் மாட்டி ஓடிய வண்டியில் புல்லியை மட்டும் மாற்றி நிறுத்தாமல், டென்ஷனர் பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் பெல்ட்டோடு சேர்த்து அதையும் மாற்றுங்கள்.