வரைபடத்தைச் சுற்றி வெள்ளை: பிடிஎஃப்கிராப் ஓர் ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

என் ஆய்வேட்டில் 43 வரைபடங்கள். பெரும்பாலும் கிணற்று நீர்மட்டம், மாதவாரி மழை. முதல் வரைவை அச்சிட்டுக் கொடுத்தபோது கைடு சிவப்பு மையால் வட்டம் போட்டது முடிவுகளை அல்ல. வரைபட அச்சுகளில் (axis) இருந்த, படிக்கவே முடியாத எண்களை.

காரணம் வெள்ளை இடம். ஆய்வகத்தில் இருக்கும் பழைய மென்பொருளில் படம் உள்ளங்கை அளவுதான். பிடிஎஃப் ஆக்கினால் ஏ4 தாளின் நடுவில் போய் உட்காரும். ஆய்வேட்டை வடிவமைக்கும் மென்பொருளான லேடெக்ஸில் அதைப் பத்தி (column) அகலத்துக்கு வைத்தால் சுற்றியுள்ள வெற்றுத்தாளும் சேர்ந்தே சுருங்கும், எண்கள் எறும்பாகிவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெட்டி ஒட்டுவோர் உண்டு. தயவுசெய்து வேண்டாம், பெரிதாக்கினால் கோடெல்லாம் மங்கும்.

சீனியர் அக்கா காட்டியது பிடிஎஃப்கிராப். லேடெக்ஸ் தொகுப்பான டெக்லைவோடு வரும், பிடிஎஃப்பின் வெற்று விளிம்பை வெட்டும் சின்னப் பெர்ல் நிரல், ஹெய்கோ ஓபர்டீக் எழுதியது. பக்கத்தில் மை பட்ட இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிஎஃப்பைப் படிக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளைக் கேட்டு, அந்த அளவுக்குத் தாளைக் குறைக்கிறது. கோடும் எழுத்தும் வெக்டராகவே, அதாவது பெரிதாக்கினாலும் மங்காத வடிவிலேயே, இருக்கும். கட்டளை தட்டும் டெர்மினலில் நிரலின் பெயர், கோப்பின் பெயர், அவ்வளவுதான். மூலக் கோப்பைத் தொடாது. பெயரின் கடைசியில் 'கிராப்' சேர்த்துப் புதிய கோப்பு தரும். எனக்கு இது மிகவும் பிடித்தது. தானாக விளிம்பு விடாது என்பதால் மார்ஜின்ஸ் விருப்பத்தில் 2 கொடுப்பேன். அலகு, அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு.

ஆனால் ஒரு சிக்கலில் இரண்டு நாள் போயிற்று. ஒரு படத்தில் செங்குத்து அச்சின் எண்கள் 5, 10. இன்னொன்றில் 1200. வெட்டிய பிறகு இரண்டின் அகலமும் வேறு. ஒன்றின்கீழ் ஒன்றாக ஒரே அகலத்தில் வைத்தால் அச்சுகள் நேர்கோட்டில் நிற்காது, எழுத்தளவும் மாறும். அதற்கு மருந்தும் இதிலேயே உண்டு: பிபாக்ஸ் என்ற விருப்பம். எல்லாப் படத்துக்கும் பொதுவான ஒரே பெட்டியைக் கொடுத்து வெட்டலாம். ஒன்றைக் கவனியுங்கள்: மார்ஜின்ஸில் வரிசை இடம், மேல், வலம், கீழ், பிபாக்ஸில் இடம், கீழ், வலம், மேல். மாற்றிக் கொடுத்தால் படமே காணாமல் போகும்.

பைதானில் வரைபடம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப்பில் 'டைட்' என்று சேமிப்பதும் இதே வேலைதான். சுற்றிலும் 0.1 அங்குலம் விட்டு வெட்டும். அங்கும் படத்துக்குப் படம் அளவு மாறும். இயல்பான அளவு 6.4க்கு 4.8 அங்குலம். நான் இப்போது தொடக்கத்திலேயே பத்தி அகலமான 3.5 அங்குலத்தைக் கொடுத்து, லேஅவுட்டைக் 'கன்ஸ்ட்ரெய்ண்ட்' என்று வைத்து, டைட் இல்லாமல் சேமிக்கிறேன். 8 புள்ளி என்று எழுத்தளவு வைத்தால் தாளிலும் 8 புள்ளிதான். மேட்லாப் வைத்திருப்பவர்களுக்கு 2020 முதல் படத்தைச் சேமிக்க எக்ஸ்போர்ட்கிராஃபிக்ஸ் என்ற கட்டளை இருக்கிறது. தானாகவே நெருக்கி வெட்டும்.

ஆகவே, படத்தை வரைந்த நிரல் கையில் இருந்தால் படத்தைச் சரியான அளவில் மறுபடி வரையுங்கள். பிடிஎஃப் மட்டும் கையில் இருந்தால் பிடிஎஃப்கிராப்பை நம்பலாம். என் 43-இல் 26 படங்களை மறுபடி வரைந்தேன். மீதி 17 அக்காவின் காலத்துப் பிடிஎஃப்கள், அவற்றின் தரவு கையில் இல்லை. அவற்றை ஒரே பெட்டியில் வெட்டினேன். அச்சுகள் இப்போது வரிசையாக நிற்கின்றன.