பெட்டியில் ஓர் எண், நாக்குக்குள் வேறோர் எண்: சாயம் பூசி விற்கப்பட்ட ஏர் ஃபோர்ஸ் 1

நைக்கி ஏர் ஃபோர்ஸ் 1 ஷூவைப் புதிய நிறத்திலோ புதிய தோலிலோ தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அடர் பழுப்பு நூபக் (மேற்பரப்பைத் தேய்த்து மென்மையாக்கிய தோல்) என்று சொல்லி எனக்கு விற்கப்பட்டது ஒரு சாதாரண வெள்ளை ஜோடி. மேற்பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, பழுப்புச் சாயம் ஏற்றி, வேறொரு ஜோடியின் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அது தெரியாமல் கிட்டத்தட்ட இரண்டு வாரம் அதைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

இந்த ஷூ எனக்கு வெறும் காலணி இல்லை. 1982இல் புரூஸ் கில்கோர் வடிவமைத்து வெளிவந்தது. நைக்கியின் கூடைப்பந்து ஷூக்களில் குதிகாலுக்கு அடியில் காற்றுப்பை வைத்த முதல் ஷூ இதுதான். 1984 வாக்கில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கடைக்காரர்கள் சிலர் விடாமல் கேட்டு, புதிய நிறங்களில் செய்ய வைத்து விற்றுக் காட்டிய பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. மாதம் ஒரு நிறம் என்று அங்கே ஆரம்பித்தது, புதிய நிறங்கள் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கின்றன. நிறம்தான் இந்த ஷூவைக் காப்பாற்றியது. அந்த நிறத்திலேயே ஒருவர் பொய் சொல்லி விற்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

நடந்தது இதுதான். நான் ஆசைப்பட்ட பழுப்பு நூபக் ஜோடி என் அளவில் தீர்ந்துபோயிருந்தது. கைமாற்றி விற்கும் ஒருவர் தன்னிடம் இருப்பதாகப் படங்கள் போட்டிருந்தார். எட்டுப் படங்கள். எல்லாம் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில், பக்கவாட்டில் எடுத்தவை. பெட்டியின் லேபிள் மட்டும் பளிச்சென்று, எழுத்து எழுத்தாகப் படிக்கும்படி இருந்தது. ஷூவின் நாக்கு, அதாவது லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டை, அதன் உட்பக்கம் ஒரு படத்திலும் இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாக, மரியாதையாகப் பதில் சொன்னார். வாங்குபவருக்குப் பாதுகாப்பு உள்ள கட்டண முறையில் பணம் அனுப்பும் சேவை எடுத்துக்கொள்ளும் பிடித்தம் அதிகம், தெரிந்தவருக்கு அனுப்புவதுபோல் நேரடியாக அனுப்பினால் விலையில் குறைத்துக்கொள்கிறேன் என்றார். அனுப்பிவிட்டேன்.

பார்சலைத் திறந்ததும் மருந்து நெடி மாதிரி ஒரு காட்டமான வாசனை வந்தது. புது ஷூவில் பசை வாசனை இருக்கும்தானே என்று விட்டுவிட்டேன். நிறம் அவ்வளவு அழகாக இருந்தது. நான்காம் நாள் வெள்ளைக் காலுறையின் விளிம்பில் பழுப்புக் கறை ஒட்டியிருந்தது. அடர் நிற நூபக் ஆரம்பத்தில் கொஞ்சம் சாயம் விடுவது உண்டு, அதனால் அதையும் பெரிதுபடுத்தவில்லை. பத்தாம் நாளில் விரல்கள் மடங்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஏன் என்று சொல்ல, தோலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நூபக் என்பது தோலின் வெளிப்பக்கத்தை லேசாகத் தேய்த்து மென்மையான பொடிமயிர்போல ஆக்கியது. ஸ்வேட் அப்படியில்லை, தோலைப் பிளந்து எடுத்த உள்பக்க அடுக்கிலிருந்து செய்வது. இரண்டிலுமே சாயம் தோலுக்குள் ஊறியிருக்கும். மடிப்பு விழுந்தால் நிறம் கொஞ்சம் வெளுக்கலாமே தவிர, உள்ளிருந்து வெள்ளை எட்டிப் பார்க்காது. வழக்கமான வெள்ளை ஏர் ஃபோர்ஸ் 1 தோலில் நிறம் மேலே பூச்சாக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பூச்சைத் தேய்த்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகி, படத்தில் பார்க்க நூபக் மாதிரியே இருக்கும். எனக்கு வந்ததில் அதைத்தான் செய்திருந்தார்கள்.

உடனே ஷூவை வெயிலில் வைத்து, லேஸைக் கழற்றிப் பார்த்தேன். முன்பக்கத்தில் காற்றோட்டத்துக்காக இருக்கும் சின்னத் துளைகளின் உள்சுவர் வெள்ளை. லேஸ் கோக்கும் துளைகளின் உள்ளேயும் வெள்ளை. ஒரு தோல் துண்டின் மேல் இன்னொன்று ஏறித் தைத்திருக்கும் இடத்தில் விளிம்பை நகத்தால் லேசாகத் தூக்கினால், அடியில் மறைந்திருக்கும் பகுதி முழுக்க வெள்ளை. தொழிற்சாலையில் சாயமிட்ட தோலைத்தான் துண்டு துண்டாக வெட்டித் தைப்பார்கள். ஆகவே மடிப்புக்கு அடியிலும் அதே நிறம் ஓட வேண்டும். தைத்து முடித்த ஷூவின் மேல் சாயம் பூசுகிறவரால் அந்த இடத்தை எட்டவே முடியாது. தையல் நூலும் காட்டிக்கொடுத்தது: நூல் தோலோடு சேர்ந்து சாயத்தில் விறைத்துப் போயிருந்தது, சில ஊசித் துளைகள் அடைத்துப் போயிருந்தன.

கடைசியாக நாக்கின் உட்பக்கம் தைத்திருக்கும் சின்னத் துண்டைப் பார்த்தேன். அளவோடு சேர்த்து மாடல் எண்ணும் அதில் அச்சாகியிருக்கும். நைக்கி எண் என்றால் முதலில் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் ஆறு, பிறகு ஒரு கோடு, அதன் பின் மூன்று எண்கள். அந்தக் கடைசி மூன்றுதான் நிறம். 0இல் தொடங்கினால் பெரும்பாலும் கறுப்பு அல்லது சாம்பல், 1 என்றால் வெள்ளை, 2 பழுப்பு, 3 பச்சை, 4 நீலம், 6 சிவப்பு என்று போகும். என் பெட்டியின் லேபிளில் 2இல் தொடங்கும் எண் இருந்தது. ஷூவுக்குள் இருந்தது சிடபிள்யூ2288-111. எந்தக் கடையிலும் கிடைக்கிற முழு வெள்ளை ஜோடியின் எண் அது.

வந்த நாளிலேயே அரை நிமிடம் ஒதுக்கி அதைப் பார்த்திருக்கலாம். பெட்டியை மட்டும் நம்பிவிட்டேன். காலிப் பெட்டிகள் தனியாகவே விற்பனைக்கு வருகின்றன என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். முதலில், மழையில் நனைத்திருப்பீர்கள் என்றார். நனைந்தால் துண்டில் அச்சான எண் மாறாதே என்றேன். அப்புறம், நூபக்குக்குத் தவறான பாலிஷ் போட்டிருப்பீர்கள் என்றார். மூன்றாவது பதில், நானே வேறு ஷூவை வைத்துப் படம் எடுத்து ஏமாற்றப் பார்க்கிறேன் என்று வந்தது. அதற்குப் பிறகு என்னை பிளாக் செய்துவிட்டார். பணம் அனுப்பிய சேவையிடம் புகார் கொடுத்தேன். தெரிந்தவருக்கு அனுப்பியதாகப் பதிவாகியிருப்பதால் வாங்குபவருக்கான பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது என்று பதில் வந்தது. பிடித்தத்தை மிச்சம் பண்ணலாம் என்று அவர் சொன்னதன் காரணம் அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

ஷூவுக்கு வண்ணம் பூசும் கலைஞர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அசிட்டோனால் பழைய பூச்சைத் துடைத்தெடுத்து, அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, ஒவ்வொன்றையும் காயவிட்டு, மேலே பாதுகாப்புப் பூச்சு கொடுத்துச் செய்பவர்களின் வேலை மாதக்கணக்கில் நிற்கிறது. கையால் பூசியது என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். அந்த உழைப்புக்குத் தனி விலை கொடுக்கலாம், நானும் கொடுத்திருக்கிறேன். எனக்கு விற்றவர் அவசரமாகப் பூசிய ஒன்றைத் தொழிற்சாலை வெளியீடு என்று சொன்னார். அது திருட்டு.

புதிய நிறத்தில் ஒரு ஜோடியைக் கைமாற்றி வாங்கப் போகிறீர்கள் என்றால், நாக்கின் உட்பக்கத் துண்டைப் பகல் வெளிச்சத்தில், அன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய தாளோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த எண்ணை நிறுவனம் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். போலி ஷூக்களிலும் சரியான எண்ணை அச்சடிப்பார்கள், அதனால் எண் பொருந்தினாலும் முன்பக்கத் துளைகளையும் லேஸ் துளைகளையும் நெருக்கமாகக் காட்டச் சொல்லுங்கள். கைக்கு வந்ததும், போட்டு நடப்பதற்கு முன், நூபக் என்றால் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பொடிமயிர் சாய்ந்து அந்த இடத்தின் சாயல் மாறும், எதிர்த் திசையில் தடவினால் திரும்பிவிடும். என்னுடையதில் எந்தப் பக்கம் தேய்த்தாலும் ஒன்றும் மாறவில்லை. ஈரமான வெள்ளைத் துணியால் உட்பக்க ஓரத்தில் ஒரு தடவை ஒற்றினேன், துணி முழுக்கப் பழுப்பு.

பணம் கொடுக்கும் வழியை மட்டும் யாருக்காகவும் மாற்றாதீர்கள். நல்ல விற்பனையாளர்கள் பிடித்தத்தை விலையில் சேர்த்துச் சொல்கிறார்கள், அதில் தப்பே இல்லை.

நேற்று ஒரு நண்பரின் கணக்கிலிருந்து தேடிப் பார்த்தேன். அதே ஆள், அதே மஞ்சள் வெளிச்சம், அதே மாதிரிப் பெட்டி. இந்த முறை நிறம் ஆலிவ் பச்சை, நூபக் என்றே போட்டிருக்கிறார். நாக்கின் உட்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று நண்பர் கேட்டார். செய்தியைப் படித்துவிட்டார் என்று காட்டுகிறது. இதுவரை பதில் இல்லை, விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது.