நெல்லை வெயிலில் மூன்று தெர்மாமீட்டர்கள்: ஆம்புலன்ஸ் அனுபவம்

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி பக்கம் பல வருடங்களாக ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக ஓடிக்கொண்டிருக்கிறேன். நாடி, பிரஷர், ஆக்ஸிஜன், சர்க்கரை என்று நாங்கள் நிரப்பும் படிவத்தில் உடல் சூட்டுக்கான கட்டம்தான் பெரும்பாலும் கடைசியில் நிரம்பும். பார்க்காமலே 98.6 ஃபாரன்ஹீட் என்று எழுதிவிடுகிறவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. எனக்கு அது மனசு ஆறாத விஷயம். எங்கள் ஊரில் அந்த எண்ணை வைத்து முழுச் சிகிச்சையும் மாறிப்போகிற நோயாளிகள் இருக்கிறார்கள்.

கொரோனா காலத்தில் எல்லார் கைக்கும் வந்த நெற்றித் துப்பாக்கித் தெர்மாமீட்டரிலிருந்து தொடங்குகிறேன். நோயாளியைத் தொட வேண்டாம், ஒரு நொடியில் எண் வந்துவிடும். வாசலில் நிற்கிற கூட்டத்தில் காய்ச்சல்காரரைப் பிரித்தெடுக்க அது சரி. எங்கள் வேலைக்கு அது போதாது என்பதுதான் இத்தனை காலம் வைத்துப் பார்த்தபின் என் முடிவு. அது பார்ப்பது நெற்றித் தோலின் சூட்டை மட்டும். வியர்த்திருந்தால் குறைத்துக் காட்டும், வெயிலில் கிடந்திருந்தால் கூட்டிக் காட்டும். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வீட்டார் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அது நல்ல காரியம்தான், ஆனால் துப்பாக்கிக்கு அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது.

ஒரு கத்திரி வெயில் மதியம், முக்கூடல் பக்கம் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர் விழுந்துவிட்டதாக அழைப்பு. தலையும் சட்டையும் நனைந்திருந்தன. "என்னவெல்லாமோ பேசுதாவ தம்பி, எங்களையே யாருங்காவ" என்று அவர் மனைவி அழுதார். நெற்றியில் 97.9. நெஞ்சில் புறங்கையை வைத்தால் அனல். காதில் வைத்துப் பார்த்தேன், 105.2. உடல் சூடு 104-க்கு மேல், கூடவே புத்தி தடுமாற்றம் என்றால் அது வெப்பவாதம். அதற்குப் பாராசிட்டமால் வேலை செய்யாது. தொற்றுக் காய்ச்சலில் மூளை தானே சூட்டின் அளவைக் கூட்டி வைத்திருக்கிறது, மாத்திரை அதை இறக்கும். வெப்பவாதத்தில் உடம்பால் சூட்டை வெளியே தள்ள முடியாமல் போய்விடுகிறது. வெளியிலிருந்துதான் குளிர்விக்க வேண்டும். துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து, காற்று வீசவிட்டு, கழுத்து, கக்கம், தொடை இடுக்கில் ஐஸ் பொட்டலம் வைத்தபடியே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சூடு 102 பக்கம் வந்ததும் குளிர்விப்பதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது மறுபக்கம் இறங்கிவிடும். எனவே வழியெல்லாம் திரும்பத் திரும்ப அளக்க ஒரு நம்பகமான கருவி கையில் வேண்டும்.

என் கையில் அதிகம் இருப்பது காது தெர்மாமீட்டர். செவிப்பறையிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைப் படிக்கிறது. மூளையில் சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கும் செவிப்பறைக்கும் ரத்தம் ஒரே பெரிய குழாயின் கிளைகளில் போவதால், உள்சூட்டுக்கு நெற்றியைவிட இது நெருக்கம். ஆனால் கை பழக வேண்டும். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னும் இழுத்தால்தான் துவாரம் நேராகும். இழுக்காமல் வைத்தால் செவிப்பறைக்குப் பதில் துவாரத்தின் சுவரைப் படித்துக் குறைவாகச் சொல்லும். காதுக்குறும்பி அடைத்திருந்தாலும், கண்ணாடி முனையில் அழுக்கு இருந்தாலும் அதே கதைதான். ஒவ்வொரு நோயாளிக்கும் புது உறை போட வேண்டும். உறை தீர்ந்தால் சப்ளை வர நாளாகும், அதனால் நானே ஒரு பெட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறேன். விபத்தில் காதிலிருந்து ரத்தமோ நீரோ வடிந்தால் அந்தக் காதைத் தொடவே கூடாது. மண்டையின் அடிப்பகுதி உடைந்திருக்கலாம்.

இந்தக் கருவியைப் பற்றி யாரும் சொல்லித்தராத ஒன்று இருக்கிறது. என்னிடம் இருப்பதன் கையேட்டில், 10 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறது. பாளையங்கோட்டையில் கோடையில் வெளியிலேயே 40-ஐத் தாண்டும் நாள்கள் உண்டு. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அகச்சிவப்புக் கருவி தன் சொந்தச் சூட்டை அடிப்படையாக வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. டேஷ்போர்டில் வெந்து கிடந்ததையோ ஏசி காற்றடிக்கும் இடத்தில் தொங்கியதையோ எடுத்த எடுப்பில் நம்ப முடியாது. இருக்கும் இடத்தின் சூட்டுக்குப் பழக அரைமணி நேரம்கூட ஆகும். எனவே நிழல் விழும் உள் அலமாரியில்தான் அதற்கு இடம். வண்டி ஓட்டும் எங்கள் பைலட் அண்ணாச்சிக்கும் இது பழகிவிட்டது, மதியம் வண்டியை வேப்பமர நிழல் பார்த்துத்தான் நிறுத்துகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெப்பவாதத்தில் காதும் உண்மையான உள்சூட்டைவிடக் குறைத்துக் காட்டலாம். ஆசனவாய் வழியாகவோ உணவுக்குழாயில் கம்பி விட்டோ பார்ப்பதுதான் சரியான அளவு, அது ஆஸ்பத்திரி வேலை. ஆகவே வெயிலில் விழுந்தவர் உளறுகிறார், காதில் 103 என்றால் நான் அதை வெப்பவாதமாகவே எடுத்துக்கொண்டு குளிர்விக்கத் தொடங்குவேன்.

மூன்றாவது, சாதாரண டிஜிட்டல் குச்சி. பழைய பாதரசக் கண்ணாடிக் குச்சியின் இடத்துக்கு வந்தது இது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க உலக நாடுகள் போட்ட மினமாட்டா ஒப்பந்தப்படி பாதரசத் தெர்மாமீட்டர் தயாரிப்புக்கு 2020 கெடுவாக இருந்தது, குலுங்குகிற வண்டியில் கண்ணாடி இல்லாமல் போனது நிம்மதிதான். பச்சைக் குழந்தைக்கு நான் நம்புவது இதை மட்டும்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் காதுத் துவாரம் அந்தக் கருவிக்குச் சின்னது. வண்டியிலேயே பிரசவம் ஆகிவிட்டால் முதல் வேலை ஏசியை அணைப்பது. குழந்தையைத் துடைத்து, குல்லா போட்டு, தாயின் நெஞ்சோடு தோல் படச் சேர்த்துப் போர்த்திவிட்டு, கக்கத்தில் குச்சியை வைப்பேன். 36.5 முதல் 37.5 செல்சியஸ் இருக்க வேண்டும். 36-க்குக் கீழே போனால் அது அவசரம். "குழந்தை நல்லாத்தான் தூங்குது" என்று பாட்டி சொல்வார். குளிர்ந்துபோன சிசுவும் அசையாமல் அப்படித்தான் கிடக்கும்.

பெரியவர்களுக்குக் குச்சியில் ஒரு சிக்கல். 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது எண் காட்டாமல் 'லோ' என்று நிற்கும். ஆன் செய்ததும் 'லோ' வருவது வழக்கம்தான். கக்கத்தைத் துடைத்து, கையை ஒடுக்கி நன்றாக வைத்தபிறகும் அதுவே நின்றால், பேட்டரி போச்சு என்று தூக்கிப் போடக் கூடாது. நோயாளியைப் பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் விடிய விடிய ஈரத்துணியோடு மொட்டைமாடியில் நின்ற வயசாளிகளை ஏற்றியபோது, எங்களுக்கு அதிகம் உதவியது உலர்ந்த போர்வைதான். காய்ச்சல் என்றால் எல்லாரும் பதறுவார்கள், சூடு குறைவதை யாரும் கண்டுகொள்வதில்லை.

நாற்கரச் சாலை விபத்துகளில் இது இன்னும் மோசம். ரத்தம் போனவருக்குச் சட்டையைக் கத்தரித்து, சலைன் ஏற்றி, வண்டியில் ஏசியும் ஓடினால் மே மாதத்திலும் அவர் குளிர்ந்துபோவார். உடம்பு 35 செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ரத்தம் உறைவது மந்தமாகும், உறையாவிட்டால் இன்னும் ரத்தம் போகும். "அண்ணே குளிருது" என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் ஏசியை நிறுத்துவேன், அப்புறம்தான் தெர்மாமீட்டரைத் தேடுவேன். ரத்த ஓட்டம் சரிந்த அதிர்ச்சி நிலையில் (ஷாக்) தோலுக்கு ரத்தம் சரியாகப் போகாது, கக்கத்து எண் நம்பகமில்லை. ரத்தம் வடியாத காது இருந்தால் அதில் பார்க்கலாம்.

புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். படிவத்தில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, குளிர்விப்பதற்கு முன்பா பின்பா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "காது, 2.40, ஐஸ் வைக்குமுன் 105.2, 3.05-க்கு 103.1" என்று எழுதியிருந்தால், அவசரப் பிரிவு டாக்டர் எங்களிடம் மறுபடி கேட்காமலே அடுத்த வேலையைத் தொடங்கிவிடுகிறார்.