ஜிம் ஓகே, படிவத்தின் பின்பக்கம்தான் பிரச்சினை

ஜிம்முக்கு நாலு ஸ்டார், அங்கே நீட்டும் ஒப்பந்தத்துக்கு ஒன்றரை.

கருவிகள் எல்லாம் புதுசு, டிரெட்மில்லுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, பயிற்சியாளர்கள் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள், ஷவரில்தான் தண்ணீர் மெதுவாக வருகிறது. இதையெல்லாம் மற்றவர்களே எழுதிவிட்டார்கள். வருடச் சந்தாவுக்குக் கையெழுத்து வாங்கும் படிவத்தின் பின்பக்கத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து, அதையும் கவுண்டரில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள். நான் சோபாவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, "எல்லாம் வழக்கமான கண்டிஷன்ஸ்தான் சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர். வழக்கமானவைதான், அதுதானே கவலை.

முதலில் தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து. காலம் முடிய 60 நாட்களுக்கு முன்பே எழுத்துமூலம் மறுக்காவிட்டால் இன்னும் 12 மாதத்துக்கு நீளுமாம். அதாவது டிசம்பர் 31-ல் முடிகிற சந்தாவை வேண்டாம் என்று நவம்பர் 1-க்குள் சொல்லியாக வேண்டும், அதுவும் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில்! சேர்வதற்கு மட்டும் போனில் ஒரு தட்டு போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1993 நுகர்வோர் ஒப்பந்த நெறிமுறை, நியாயமற்றவையாகக் கருதப்படக்கூடிய ஷரத்துகளுக்கு ஒரு மாதிரிப் பட்டியல் தருகிறது. மறுப்பதற்கான கெடுவை அநியாயத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஒப்பந்தத்தைத் தானாக நீட்டிக்கொள்வது அதில் உண்டு. 60 நாள் அநியாயமா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, சேர்ந்த அன்றே போனில் நினைவூட்டல் வைத்துவிடுவது சுலபம்.

அடுத்தது வாய்ப்பேச்சு. "நடுவில் நின்றால் மீதிப் பணம் வந்துடும் சார்" என்று கவுண்டரில் தாராளமாகச் சொல்கிறார்கள். படிவத்தில் ஏழாவது ஷரத்து கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்பாது என்கிறது. கடைசி ஷரத்து இன்னும் சாமர்த்தியம்: இதில் எழுதியிருப்பது மட்டுமே முழு ஒப்பந்தம், ஊழியர்கள் வாயால் சொன்ன எதுவும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. சரி, அப்படியென்றால் சொன்னதைப் படிவத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றேன். அவர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மருத்துவச் சான்றிதழ் காட்டினால் மீதி மாதங்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும் என்று ஓரத்தில் பேனாவால் எழுதி முத்திரை வைத்தார். கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை, ஆனால் அச்சடித்ததும் கையால் எழுதிச் சேர்த்ததும் முரண்பட்டால் பொதுவாகக் கையால் எழுதியதற்கே மதிப்பு அதிகம், அதனால் அந்த ஒரு வரி போதும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் காயம். "நிறுவனத்தின் கவனக்குறைவால் நேர்ந்தாலும்" பொறுப்பில்லையாம். இப்படி எழுதிவிட்டால் மட்டும் தப்பித்துவிட முடியும் என்றில்லை. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, தன் கவனக்குறைவால் ஒருவருக்கு உயிரிழப்போ உடல் காயமோ நேர்ந்தால் வியாபாரி அந்தப் பொறுப்பை ஷரத்து போட்டு உதற முடியாது. படிவத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதே என்று பயந்து, கேட்க வேண்டிய இழப்பீட்டைக் கேட்காமல் இருந்துவிடுகிறவர்கள்தான் நிறைய.

"முழு விதிமுறைகள் இணையதளத்தில், அவ்வப்போது மாறக்கூடியவை" என்றும் ஒரு வரி. 1971-ல் இங்கிலாந்தில் கார் நிறுத்துமிட வழக்கு ஒன்று. இயந்திரம் துப்பிய டிக்கெட்டில், உள்ளே ஒட்டியிருக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று பொடியாகப் போட்டிருந்தார்கள். அங்கே காயம்பட்டவரை அந்த நிபந்தனைகள் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். டிக்கெட் வெளியே வரும்போதே ஒப்பந்தம் உருவாகிவிட்டது, முன்கூட்டி அவருக்குச் சரியாக எடுத்துக்காட்டவும் இல்லை. ஆனால் நம் கதை வேறு: படிவத்தில் நாமே கையெழுத்துப் போடுகிறோம், போட்டபின் பார்க்கவில்லை என்று சொல்லித் தப்புவது ரொம்பக் கஷ்டம். அந்த இணையதளப் பக்கத்தையும் அன்றைய தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

காரணமே சொல்லாமல் உறுப்பினரை நீக்கும் உரிமையும் வைத்திருக்கிறார்கள். தக்க காரணமின்றி ஒருதரப்பாக முடித்துக்கொள்வதை இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சொல்கிறது. "உரிய பராமரிப்புக் கட்டணம்" எவ்வளவு என்று எங்குமே இல்லை. இப்படிக் குழப்பமாக எழுதினால் எழுதியவருக்குப் பாதகமாகவே பொருள் கொள்வது பல நாட்டு நீதிமன்றங்களின் வழக்கம், இருந்தாலும் தொகையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

உடற்பயிற்சிக்கு இந்த இடத்தைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன், ஆனால் மாதச் சந்தாவில் மட்டும். அதற்கு ஒரே பக்கப் படிவம், தானாக நீளும் ஷரத்து இல்லை. நகலை அவர்களாகத் தர மாட்டார்கள், கேட்டால் தருகிறார்கள்.